திரைக்கு வெளியே போன கழித்தல் குறி

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹம்சாவுக்கு,

இங்கே அப்பாவின் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை, கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், ஜெர்மனிக் குளிரில் கட்டைவிரலாவது விறைக்காமல் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் பத்திரமாக இருக்கிறது, நான் அடையாறு கல்லூரிக்குப் போகும் பஸ் அதைச் சுற்றிக்கொண்டு தினம் ஒரு புதுத் தெருவைக் கண்டுபிடிக்கிறது. இனி வருவதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் சிரிப்பாய், நான் வைத்துவிடுவேன். எழுதினால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

எங்கள் கல்லூரியில் போன வருஷம் புத்தகத்தை ஒழித்துவிட்டுப் பாடங்களை எல்லாம் இணையத்தில் ஏற்றினார்கள் என்று சொன்னேன் அல்லவா. துணை முதல்வர் வேதாந்தம் சார் வணிகவியல்காரர், ஆகவே கணிதப் பாடங்களை ஏற்றும் குழுவுக்கு அவர்தான் தலைவர். முதலாண்டு கால்குலஸ் பாடத்தை எழுதியது நான். அதில் ஓர் அலகை வகுப்பில் நடத்தவே கூடாது, பிள்ளைகளே படித்துக்கொள்ள வேண்டும், நடத்திவிட்டால் அது சுயகற்றல் ஆகாதாம். முதலில் ஏற்றியபோது சூத்திரங்கள் டாலர் குறியும் சாய்கோடுமாக, யாரோ மண்ணை வாரித் தூற்றியதுபோல வந்தன. மென்பொருள்காரர் கரீமுல்லா மூன்று வாரம் மல்லுக்கட்டி அச்சடித்த மாதிரி ஆக்கிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு சூத்திரத்தையும் துறையில் இருக்கும் பெரிய திரையில் புள்ளி விடாமல் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். திறப்பு விழாவில் புரொஜெக்டருக்குக் குத்துவிளக்கு ஏற்றினோம். சுவர் முழுக்க என் தொகையீடுகள் ஜொலித்தன. வேதாந்தம் சார், "ஒண்ணும் புரியல மேடம், ஆனா பாக்க லட்சணமா இருக்கு" என்றார். அந்தக் குழுவில் யாராவது சொன்ன ஒரே நேர்மையான கருத்து அதுதான்.

செமஸ்டர் விடைத்தாள்களை நான்தான் திருத்தினேன். அந்தச் சுயகற்றல் அலகிலிருந்து ஒரு கேள்வி. ஒரு பெருக்கலை எழுதி, அதிலிருந்து இன்னொரு தொகையீட்டைக் கழிக்க வேண்டும், சூத்திரம் அவ்வளவுதான். நாற்பத்தாறு பேரில் பதினேழு பேர் பெருக்கலை மட்டும் எழுதி, கழிக்காமல், அடியில் இரண்டு கோடு போட்டு முடித்திருந்தார்கள். பதினேழு பேருக்கும் ஒரே தவறு, ஒரே இடத்தில். முப்பது பேப்பர் தாண்டுவதற்குள் எனக்குள் இருந்த போலீஸ்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வேறு வேறு அறைகளில் எழுதினார்கள் என்பதைப் பார்க்காமல் இல்லை, அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன், வாட்ஸப். காப்பி அடித்திருக்கிறார்கள் என்று தேர்வுக் குழுவுக்கு இரண்டு பக்க அறிக்கை கொடுத்தேன். நிரூபணமானால் அந்த செமஸ்டர் முழுவதும் ரத்து, பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போகும். அன்றைக்குத்தான் நீ போனில், "ஏம்மா, பதினேழு பேர் ஒரே தப்பு பண்ணா, அது அவா தப்புதானா?" என்று கேட்டாய். இருபத்திரண்டு வருஷமாகப் பேப்பர் திருத்துகிறவளுக்கு நீ சொல்லித் தர வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த வாக்கியத்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ரசீது தேவையில்லை.

விசாரணைக்கு முதலில் வந்தவள் கயல் என்ற பெண். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்த குடும்பம், அரசாங்கம் ஊரோரம் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டது, இரண்டு பஸ் மாறி வருகிறாள். வருகிற பிள்ளைகள் அழுவார்கள் என்று எதிர்பார்த்து ஒரு டப்பா டிஷ்யூ காகிதம்கூட வைத்திருந்தோம். அவள் வந்து நின்று, "இன்னா மேடம், நா எழுதனது மூணாவது மாடி, அதே தப்பு பண்ண அசோகன் கீழ லேப்ல, நடுவுல ரெண்டு மாடி கீது. காப்பி அடிக்கிறவ கரெக்டா எழுதனவனப் பாத்து அடிப்பாளா, தப்பா எழுதனவனத் தேடிப் போயி அடிப்பாளா? அவ்ளோ லூசா நானு?" என்றாள். மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தோம், எங்களில் ஒருவருக்கும் அந்தத் தர்க்கம் தோன்றியிருக்கவில்லை. அப்புறம், "நீங்க போட்டதத்தான் எழுதினேன், பாருங்க" என்று போனை நீட்டினாள். என் சூத்திரம் இருந்தது. பெருக்கல் வரை வந்து, போன் கண்ணாடி முடிகிற இடத்தில், முழுதாக முடிந்துவிட்ட தோரணையில் நின்றது. கழித்தல் குறியும் அதற்குப் பின்னால் வருவதும் இல்லை. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. கீழே இருந்த மூன்று உதாரணங்களும் அதே ஓரத்தில் அதே விசுவாசத்தோடு வெட்டுப்பட்டிருந்தன. போனைப் படுக்கவைத்துத் திருப்பினேன், மிச்சப் பாதி வெளியே வந்தது. கயல் எட்டிப் பார்த்து, "அடப்பாவி, இது இங்கயா குந்திகினு இருந்துச்சி" என்றாள். பஸ்ஸில் ஒரு கையில் கம்பியைப் பிடித்து நிற்கிறவள் மறுகையில் போனை நெட்டுக்குத்தாகத்தான் பிடிப்பாள் என்று, இத்தனை வருஷம் பஸ்ஸில் போகும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரியாக எழுதிய இருபத்தொன்பது பேர் வீட்டிலும் லேப்டாப் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். என் அறிக்கையின்படி நேர்மையும் அந்த வீடுகளில்தான் இருந்தது.

வேதாந்தம் சாரிடம் போனேன். அவர் நல்லவர், யாருக்கும் கஷ்டம் வராத வழி ஒன்றை உடனே கண்டுபிடித்தார். "மேடம், அடுத்த வாரம் ஆய்வுக் குழு வர்றா. இப்போ போய் போன்ல பாதி தெரியலைன்னு எழுதிக் குடுத்தா நம்ம மானம் போயிடும். பசங்க ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம் எழுதட்டும், கருணை அடிப்படையில விட்டுடலாம்" என்றார். எங்கள் தவற்றுக்கு அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், நாங்கள் பெருந்தன்மையாக மன்னிப்போம். பதினாறு பேர் எழுதியும் கொடுத்துவிட்டார்கள், பாவம், வருஷம் போகாமல் இருந்தால் போதும் அவர்களுக்கு. கயல் மட்டும் மாட்டேன் என்றாள். "இன்னிக்கு சாரின்னு எழுதினா அது ஃபைல்லயே கெடக்கும் மேடம். நாளிக்கு டீச்சர் வேலைக்குப் போனா, காப்பி அடிச்சவன்னு எடுத்துக் காட்டுவாங்கோ." அவளுக்குத் திங்கட்கிழமை வரை கெடு. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை இறக்காமலேயே, "நீயே பாடம் எழுதி, நீயே கேள்வி போட்டு, நீயே திருத்தி, நீயே புகாரும் குடுத்துட்டு ஆத்துல உக்காந்துண்டு நியாயம் கேக்கறே. பாக்கி ஜெயில் ஒண்ணுதான், அதுக்கும் நீயே போயிட்டு வந்துடு" என்றார். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் கொடுத்த மிகத் தெளிவான ஆலோசனை.

திங்கட்கிழமை காலையில் முதல்வரிடம் மூன்று பக்கம் கொடுத்தேன். தவறு பாடத்தைச் சரிபார்த்த என்னுடையது, போனில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, புகாரைத் திரும்பப் பெறுகிறேன், பதினாறு மன்னிப்புக் கடிதங்களையும் கிழித்துவிட வேண்டும், நகல் ஆய்வுக் குழுவுக்கு. கடைசி வரியால்தான் மற்ற வரிகளைப் படித்தார்கள். கடிதங்களை என் கண்ணெதிரே கிழித்தார்கள். என்னைப் பாடக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், வேதாந்தம் சார் வராந்தாவில் என்னைப் பார்த்தால் தூண்களை ரசிக்கிறார், இரண்டும் தண்டனையா பரிசா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. வகுப்பில் போய் நின்று தவறு என்னுடையது என்றேன். யாரும் உருகவில்லை. "அப்ப மார்க்கு மேடம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சூத்திரத்தைக் கரும்பலகையில் முழுதாக நடத்திவிட்டு, அந்தக் கேள்விக்கு மட்டும் பதினேழு பேருக்கும் மறுதேர்வு வைத்தேன். கயலுக்குப் பத்துக்கு ஒன்பது. கழித்தலெல்லாம் சரி, கடைசியில் சேர்க்க வேண்டிய மாறிலியை விட்டுவிட்டாள். தாளை வாங்கிப் பார்த்து, "இது எந்த ஓரத்துல மேடம் ஒளிஞ்சிகினு இருந்துச்சி?" என்றாள். பலகையில், நடுவில், நான் இரண்டு தடவை அடிக்கோடு போட்ட இடத்தில் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்து, "அப்ப சரி, இது என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பதினொரு நாளும் மூன்று பக்கமும் ஆயிற்று.

உன் அலுவலகத்தில் நீ எதைச் செய்து முடித்தாலும் அதை வாங்கிப் போகிறவர் நின்றுகொண்டு பார்ப்பாரா, உட்கார்ந்துகொண்டு பார்ப்பாரா என்று ஒரு தரம் கேட்டுக்கொள். தலைக்கு எண்ணெய் வை, ரொட்டியை மட்டும் சாப்பிட்டு உயிர் வாழாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், கூடாதபோது வாய்விட்டுச் சொல்ல உனக்கு என்னைவிடக் குறைவான நாள் ஆக வேண்டும், கபாலீஸ்வரரிடம் இரண்டையும் கேட்டிருக்கிறேன். வருகிற வியாழன் அப்பாவுக்குப் பிறந்தநாள், தனக்கு ஞாபகமே இல்லாத மாதிரி நடிப்பார், ஆனால் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நடிப்பார், கூப்பிடு.

இப்படிக்கு, அந்த ஒரு மதிப்பெண்ணை இன்னும் போடாத
உன் அம்மா
ஜலஜா