நீ உடுத்திப்போன என் துணி

என் உயிருக்கு உயிரான லாத்தாவுக்கு,

உன் தங்கச்சி கதீஜா சலாம் சொல்லி எழுதுகிறேன். கொழும்புக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் "அங்கு எல்லாரும் சுகமா" என்றுதான் ஆரம்பித்துப் பழக்கம். உன்னிடம் அதை எப்படிக் கேட்க? கேட்க நினைப்பதை துஆவாக மாற்றிக்கொள்கிறேன். அல்லா உன் கபுறுக்குழியை விசாலமாக்கட்டும், வெளிச்சமாக்கட்டும். வாடைக்காற்று மாதிரி ஒரு குளிர்ச்சியை அங்கே அனுப்பட்டும்.

நீ இருந்திருந்தாலும் இதை நானேதான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். உனக்கு அரபெழுத்தில் எழுதுகிற அரபுத் தமிழ் மட்டும்தான் தெரியும். நான் பலசரக்கு மடித்து வந்த தாள்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழெழுத்தைப் பிடித்துக்கொண்டவள். "புளி மடிச்ச தாள்ல என்னடி ஓதுறே?" என்று கேலி பண்ணுவாய். அதே எழுத்தில்தான் இன்றைக்கு உனக்கு எழுதுகிறேன். என் மகள் நூர்ஜகான் இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறாளாம். அனுப்பட்டும். நமக்குள் ஊருக்குத் தெரியக்கூடாதது என்ன இருக்கிறது?

முதலில் நம்ம புதுமடத்துச் சேதி. என் வீட்டுக்காரர் கொழும்புக் கடையை ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார். இனிப் போகமாட்டாராம். பாஸ்போர்ட்டு, விசா என்று அலைய முடியவில்லை என்கிறார். நீ போன பிறகு அணாவெல்லாம் போய் நயா பைசா வந்திருக்கிறது. மீன்காரி இன்னமும் அணாவில்தான் விலை சொல்லுகிறாள், நான் அதை நயா பைசாவாக்கி வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் கணக்கு ஏதோ ஓரிடத்தில் இடிக்கிறது. அப்போதெல்லாம் உன் ஞாபகம்தான். "இடிச்சா இடிக்கட்டும், மீனு வெந்துருச்சா பாரு" என்றுதானே நீ சொல்லுவாய்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது அந்தத் துணி விஷயத்துக்காக.

படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த கபன் துணியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருப்பது நம் பக்கத்து வழக்கம். கண்ணை மூடி மவுத்தாகும் அன்று அதைத்தான் உடுத்துவார்கள். உன் வீட்டுக்காரர், என் மச்சான், ஹஜ்ஜுக்குக் கப்பலேறியபோது உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று நீதான் சொல்லி அனுப்பினாய். என்னிடம் ரவிக்கைக்கு அளவெடுப்பதாகச் சொல்லி, உச்சியிலிருந்து குதிகால் வரைக்கும் நூல் பிடித்தாய். ரவிக்கைக்கு எதற்குக் குதிகால் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நான் நெட்டை, நீ குட்டை. இரண்டு நூலையும் மடித்து மச்சான் சட்டைப்பையில் வைத்தாய்.

துணி வந்த அன்று நான் என் பங்கைத் தொடவே இல்லை. "மவுத்துத் துணியை நான் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன், நீயே வச்சுக்க" என்றேன். வீட்டுக் கணக்கில் அதை எந்த இனத்தில் எழுதுவது என்றும் எனக்குக் குழப்பம். "துணிமணின்னு எழுதுடி. உடுத்தத்தானே போறே?" என்று சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் மச்சான் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எழுதாமலே விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து முற்றத்துக் கொடியில் வெயில் காட்டுவாய். அன்றைக்கு நான் வந்தால் அடுப்படி வழியாகத்தான் உள்ளே நுழைவேன். "என்ன புள்ள, கொடியில பாம்பையா காயப்போட்டிருக்கேன்?" என்பாய். உனக்கு எப்படி அவ்வளவு லேசாக வந்தது லாத்தா? உனக்குப் பயமே இல்லையா? இல்லை, எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாயா? இருக்கும்போது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

நீ மவுத்தான அன்று பெட்டியைத் திறந்து துணி எடுத்துக்கொடுத்தது மச்சான்தான். அவர் இருந்த நிலையில் எது யாருடையது என்று பார்க்க முடியுமா? மேலே இருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார். குளிப்பாட்ட வந்த மைமூன் பேகம் உன்னை உடுத்தி முடித்தபோது கால்மாட்டில் துணி மிச்சமாகக் கிடந்தது. "ஹஜ்ஜியார் தாராளமாத்தான் எடுத்திருக்காக" என்று சொல்லி அதை மடித்துக் கட்டினாள். கதவோரம் நின்ற எனக்குப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. அது என் துணி.

அழுகைக்கு நடுவில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது லாத்தா. என் துணி போய்விட்டது. அதோடு என் மவுத்தும் போய்விட்டது. இனி என்னை அடையாளம் பிடித்துக்கொண்டு வர அதற்கு வழியில்லை. பைத்தியக்கார நினைப்புத்தான். ஐந்து வேளை தொழுகிறவள் நினைக்கக்கூடிய நினைப்பா அது? ஆனாலும் ரொம்ப நாள் அந்த நினைப்போடுதான் தைரியமாக நடமாடினேன். மச்சான் உன் தகரப்பெட்டியை என்னிடம் கொடுத்தபோதுகூடப் பதறாமல் வாங்கி மச்சில் வைத்தேன். அதற்குள் இருந்தது உன் துணிதானே, என்னுடையது இல்லையே.

போன கோடையில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவருவதற்குள் வழியில் உட்கார வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அவுக என்னை ராமநாதபுரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்று என்னிடம் சொன்னார். பிறகு அவுகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் அவுக நான் கேட்காமலே எனக்குத் திராட்சைப்பழம் வாங்கிக்கொடுத்தார்கள். உனக்குத் தெரியுமே, என் வீட்டுக்காரர் காய்ச்சல் வந்தவனுக்குக்கூடக் கொய்யாப்பழத்துக்கு மேல் வாங்கமாட்டார். பழத்தைக் கையில் வாங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"திராட்சை புளிக்குதா பாரு."

"புளிக்கலை. என்ன சொன்னாரு?"

உச்சிப்புளி வரும்வரைக்கும் அவுக சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்கள். இறங்கும்போதுதான் சொன்னார்கள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறதாம். மதுரையிலும் போய்க் கேட்டோம். கவனமாக இருந்தால் பல வருஷம் இருக்கலாம், இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம் என்றார்கள். நயா பைசா இடித்தாலே தூக்கம் வராதவளுக்கு இப்படி ஒரு பதில்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் என் தொழுகை தொழுகையாகவே இல்லை. ஸஜ்தாவில் நெற்றியை வைத்தால் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கடைக்காரனிடம் கொசுறு கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மழை வந்தது, போனது. உன் துணிக்கு வெயில் காட்டவேண்டுமே என்ற ஞாபகம் வந்தது. எனக்காக நான் பெட்டியைத் திறந்திருக்க மாட்டேன். உன் பொருளைப் பூச்சி அரிக்க விடக்கூடாது என்றுதான் திறந்தேன்.

கற்பூர வாசனையோடு துணி வந்தது. பாயில் விரித்து, பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். பாதம் வெளியே நின்றது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ என் துணியைக் கால்மாட்டில் மடித்துக் கட்டிக்கொண்டு போனாய், நான் உன் துணியில் கால் நீட்டிக்கொண்டு வரவேண்டும் போலிருக்கிறது. லாத்தா, என் துணி உனக்கு நீளமாக இருக்கிறதே, காலைத் தட்டுகிறதா?

அந்த நேரம் பார்த்து அபிராமத்திலிருந்து நூர்ஜகான் வந்து நின்றாள். நான் படுத்திருந்த கோலத்தைப் பார்த்து வீடே அதிர ஒரு சத்தம் போட்டாள்.

"உம்மா! என்ன செய்றே? அதை உள்ள வை. முதல்ல உள்ள வை!"

"வெள்ளைத் துணிதான் புள்ள."

"எனக்குத் தெரியும் என்ன துணின்னு. நீ நல்லாத்தான் இருக்கே. இனிமே நான் இருக்குறப்ப இதை எடுக்காதே."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் என் நெஞ்சுக்குள் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. என் மவுத்து அன்று மைமூன் பேகத்தோடு நின்று என்னைக் குளிப்பாட்டி உடுத்தவேண்டியவள் இவள். இவள் இப்படிக் கதவோரத்திலேயே நின்றுவிட்டால் என் பிள்ளையின் கை கடைசியாக என்மேல் படாமலே போய்விடுமே. பயந்த கையால் தொட்டாலும், பிறகு காலமெல்லாம் அந்தப் பயத்தைத்தானே அவள் சுமப்பாள்? எனக்கு வால்வைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

புத்தி சொன்னால் கேட்கிற பிள்ளையா அவள்? அதனால், "எனக்கு ஒரு துணி எடுக்கணும், துணைக்கு வா" என்று சொல்லி ராமநாதபுரம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். நாம் பெருநாளைக்குத் துணி எடுப்போமே, அதே கடை. கடைக்காரர் எழுந்து வரவேற்றார்.

"வாங்க தாயி. தைக்கிறதுக்கா, உடுத்துறதுக்கா?"

"தைக்க வேணாம். கபனுக்கு. நல்ல மல்லுத் துணியா எடுங்க, நீளமா."

அவர் முகம் வாடிவிட்டது. "அடடா, கோடித்துணியா? தவறுனது யாரு தாயி?"

"இன்னும் தவறலை. எனக்குத்தான்."

கத்திரிக்கோலைத் தூக்கினவர் அப்படியே நின்றார். நூர்ஜகான் என் முழங்கையில் கிள்ளினாள். அவர் மெதுவாகத் துணியைப் பிரித்துக் காட்டி விலை சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இதே துணியப் பெருநாளைக்குக் குறைச்சுக் கொடுத்தீகளே" என்றேன்.

"தாயி, எங்க அய்யா காலத்துலேருந்து இந்தக் கடை இருக்கு. கோடித்துணிக்கு யாரும் விலை பேசுனதில்ல. பேசக்கூடாதும்பாக."

"அது பறிகொடுத்தவுகளுக்கு. அழுதுக்கிட்டு நிக்கிறவுக எங்கிட்டுப் பேசுவாக? நான் உடுத்தப்போறவ. நான் பேசலாம்."

அவர் நூர்ஜகானைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"குறைச்சுக் கொடுத்துருங்க அய்யா. இல்லாட்டி எங்க உம்மா இந்தத் துணிக்காகவே இன்னும் இருபது வருஷம் கடைகடையா ஏறி எறங்கும்."

"அப்படின்னா நான் குறைக்கவே மாட்டேன்" என்றார் அவர். "இருபது வருஷமும் வந்து கேளுங்க தாயி."

லாத்தா, நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குத் துணி எடுக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் குறைத்துத்தான் கொடுத்தார். பொட்டலத்தை நூர்ஜகான் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளே பாயைத் தட்டிப்போட்டாள். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "உம்மா, எதை முதல்ல விரிக்கணும்?" என்று கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் விரித்தாள். புதுத்துணி நீளமாக அடியில். உன் துணி அதற்குமேலே. "பெரியம்மாவோடது உடம்போட இருக்கட்டும்" என்றாள். நான் சொல்லிக்கொடுக்காமல் அவளாகச் சொன்னது அது ஒன்றுதான். பிறகு ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நான் அவள் தாவணியை நீவிவிடுவேனே, அதே மாதிரி. அந்தக் கை என்மேல் படுமே, எனக்கு அது போதும் லாத்தா.

எனக்குப் பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். மூச்சு இழுக்கிற நாளில் கலிமாவைச் சொல்லிக்கொண்டே அவுக கையைப் பிடித்துக்கொள்கிறேன். நல்லாயிருக்கிற நாளில் மறந்துபோகிறேன், மீன் விலைக்குச் சண்டை போடுகிறேன். எல்லாரும் இப்படித்தான் இருந்துவிட்டுப் போகிறார்களா? நீயும் இப்படித்தான் இருந்தாயா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மாத்திரையை விடாமல் சாப்பிடுவேன். குடத்தைத் தொடமாட்டேன். அவசரப்பட்டு உன் பக்கம் ஓடிவரவும் மாட்டேன், இங்கன எனக்கு இன்னும் வேலை கிடக்கிறது. ஆனால் அல்லா கூப்பிடுகிற அன்று, "கணக்குல இந்தப் பக்கத்தை மட்டும் கூட்டி முடிச்சுட்டு வாரேன்" என்று சாக்குச் சொல்லமாட்டேன். பென்சிலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

உன் இடுப்பு ஒக்கலில் வளர்ந்த தங்கச்சி,
கதீஜா