சைக்கிளுக்கும் டிக்கெட் உண்டு

மார்ச் 3, செவ்வாய்

மகன் விமானத்தில் வந்து இறங்கினான். கூடவே ஆள் உயர அட்டைப்பெட்டி. உள்ளே சைக்கிள். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, டயரில் காற்றை இறக்கி, ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றியிருக்கிறான். பெட்டியெங்கும் 'உடையக்கூடியது, கவனம்' என்று ஒட்டுச்சீட்டு. என்னைப் பார்த்து, "இளைச்சுட்டீங்களேம்மா" என்றான். சைக்கிளைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். ஐம்பத்தொரு வயதில் புதுக்காதல்.

மார்ச் 4, புதன்

கூடத்தில் வைத்து சைக்கிளின் பாகங்களைப் பூட்டினான். இடது பெடல் ஏறவில்லை. விமானக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தான். பெட்டியில் கிடந்த குறிப்புத்தாளை எடுத்துப் படித்தேன். "இடது பெடலை இடப்பக்கமாத் திருகணும்" என்றேன். "சும்மா இருங்கம்மா" என்றான். பிறகு இடப்பக்கமாகத் திருகினான். ஏறியது. நன்றி என்று ஒரு சொல் இல்லை. என்னைப் போல் கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்திருந்தால் முட்டி பெயர்ந்திருக்கும்.

சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் இனித் தனியாக இருக்கக் கூடாதாம். மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லம். சனிக்கிழமை ரயிலில் போய்ப் பார்க்கலாமாம். "அன்னிக்கு பஸ் மாறி ஏறினீங்களே, அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. வழியெல்லாம் நான் கூட இருக்கேன், பயப்படாதீங்க." சைக்கிளும் வருகிறது. மலைப்பாதை அருமையாம். என்னை ஒப்படைத்த கையோடு ஒரு சுற்று.

போகமாட்டேன் என்று ஏன் அங்கேயே சொல்லவில்லை? அந்த பஸ் விஷயம்தான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டதோ?

மார்ச் 6, வெள்ளி

ரயில்வே விதிகளை முழுக்கப் படித்தேன். மடிக்க முடியாத சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும். வண்டிக்கு இரண்டே இடம். சொன்னேன். "யாரும்மா பார்க்கப் போறாங்க, பேசிச் சமாளிச்சுக்கலாம்." இருமுறை சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

மார்ச் 7, சனி

பார்த்தார்கள். டிக்கெட் பரிசோதகர் இளம்பெண். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"சைக்கிளுக்கு டிக்கெட் இருக்கா சார்?"

எங்கள் வீட்டுத் துரை சிரித்தார், குழைந்தார், அப்புறம் குரலை உயர்த்தினார்.

"ரெண்டு இடத்துக்கும் ஆள் வந்தாச்சு சார். அடுத்த ஸ்டேஷன்ல சைக்கிளை இறக்கிடுங்க. நீங்க தாராளமா வரலாம்."

என்னைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான். நிறையவெல்லாம் யோசிக்கவில்லை. "நீங்க அப்படியே உக்காந்திருங்கம்மா, அடுத்த வண்டியில வந்துடறேன்." அதைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். சந்திப்பில் வண்டி மாற வேண்டும். அவன் எழுதித் தந்த சீட்டில் ஆறாம் நடைமேடை, பலகையில் இரண்டாவது. எதை நம்புவது? பலகையை நம்பினேன். சரியான வண்டி.

இல்லத்தில் மேட்ரன், "யாரும்மா கூட்டிட்டு வந்தாங்க?" என்றார்.

"நானேதான் வந்தேன்."

மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இங்க யாரைச் சேர்க்கணும்?"

"எனக்கும் புரியல. மகன் வந்தா கேட்டுச் சொல்றேன்."

ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். தூசி. மகன் வரவில்லை. மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பி, தேநீர் போட்டுக் குடித்தேன். ஏழு மணிக்கு மிதித்தே வந்து சேர்ந்தான், முழங்கால் வரை சேறு. அடுத்த வண்டியிலும் சைக்கிளுக்கு இடமில்லையாம்.

"எங்கம்மா போயிட்டீங்க?"

"நீ சொன்ன இடத்துக்குத்தான்."

மார்ச் 8, ஞாயிறு

அவன் இல்லத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும்.

மார்ச் 26, வியாழன்

மகன் போனில் அழைத்தான். அடுத்த மாதம் எங்கேயோ சைக்கிள் ஓட்டப் போகிறானாம். ஒரு விமானம், இரண்டு ரயில். எதெதற்கு முன்பதிவு வேண்டும் என்று நான் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான். திங்கட்கிழமை பார்க்கிறேன், நாளை தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறேன், இரண்டு வண்டி மாற வேண்டும் என்றேன்.

யார் துணைக்கு என்று அவன் கேட்கவில்லை.