பல்பு கழன்று வந்தது

அன்புள்ள தங்கபுஷ்பத்துக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

திருவொற்றியூர் பட்டறையில் படகு வடிவ அலங்கார விளக்கு வார்க்கிறோம். பல்பு ஹோல்டரையும் அச்சுக்குள்ளேயே வைத்து, ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்ற வேண்டும் என்பது என் கட்சி. ரெசின் உள்ளே புகாதிருக்க, தேங்காயெண்ணெய் தடவிய பழைய பல்பை ஹோல்டரில் மாட்டி ஊற்றினேன். பல்பு இறுகி, கழற்றும்போது உடைந்தது. கையில் சின்னக் கீறல்தான்.

“இன்னா நைனா, பல்புக்கு சமாதி கட்டிகினு கீறியா? ஹோல்டர அப்பால ஒட்டிக்கலாம். இன்னொண்ணு ஒடஞ்சா ஊருக்குக் கெளம்பு” என்றார் முதலாளி லியாகத் அலி, எல்லார் முன்னாலும்.

“கிளம்புறேன், ஆனா ஒட்ட மாட்டேன்” என்றேன்.

கால் வெடிப்புக்கு நீ கொடுத்த விளக்கெண்ணெயைக் கெட்டியாகத் தடவி மறுபடி ஊற்றினேன். பல்பு கழன்று வந்தது. இனி எல்லா விளக்கும் என் முறைப்படிதான் என்று முதலாளியே சொல்லிவிட்டார். அதனால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது.

விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது, அனுப்பு. பாட்டில் மூடிக்கு டேப் வேண்டாம். உன் பழைய சேலைத் துணியால் கட்டு. முதலாளி கூப்பிடுகிறார்.

எபினேசர்