ஆறு பன்னிரண்டு அடி நகர்ந்த வாரம்

புது ஓர்லேயான்
ஆகஸ்ட் 1728

அன்புள்ள மத்துரேன் அண்ணாவுக்கு,

இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன் படகுக்காரக் கூட்டாளிகளுக்கு வேண்டாம், அங்கே பூசை வைக்கும் சாமியாருக்கு வேண்டவே வேண்டாம், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இதோடு மடித்திருக்கும் பெரிய தாள் அம்மாவின் கடிதம். அவள் சொல்லச் சொல்ல மத்தியானம் நான்தான் எழுதினேன், அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம், பாதிக்குமேல் உன் கம்பளிக் காலுறையைப் பற்றியது. இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. அவள் கீழே திரைக்குப் பின்னால் தூங்குகிறாள், நான் பரணில் நீ அனுப்பிய கரடிக்கொழுப்பில் விளக்கேற்றி உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சத்தைவிடப் புகைதான் அதிகம். உன் பக்கம் வரும் இல்லினாய் படகுகள் விடிந்ததும் கிளம்புகின்றன, இன்றைக்கு விட்டால் இனி அடுத்த வருடம்தான்.

நாங்கள் இருவரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்கத் தேவமாதா பார்த்துக்கொள்ளட்டும். முடிக்க நேரம் கிடைக்குமோ என்னவோ, அதனால் கடைசியில் எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். அம்மா உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறாள். கோதுமை மாவு அனுப்ப மறக்காதே, சோள ரொட்டி தின்று தின்று எங்கள் முகமே மஞ்சளாகிவிட்டது. யாரையாவது கட்டிக்கொள்வதானால் அவள் ரொட்டி சுடுவாளா என்று முதலில் பார்க்கச் சொன்னாள். இப்படிக்கு உன் தங்கை பெரின். இனி எந்த இடத்தில் நின்றாலும் கடிதம் முடிந்ததாக வைத்துக்கொள்.

விஷயம் இதுதான். போன திங்கட்கிழமை நில அளவைக்காரர் முசியே பிரிசோனே இரண்டு சிப்பாய்களோடும் ஒரு கயிற்றோடும் வாசலில் நுழைந்து, அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நம் அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி ஒரு முளையை அடித்தார். சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியோடு நிமிர்ந்தபோது, "அம்மணி, நீங்க தெருவுல சமைக்கிறீங்க" என்றார். பிரான்சில் ஒப்புதல் ஆன வரைபடத்தில் ஆற்றங்கரையிலிருந்து பின்னாலிருக்கும் சதுப்புவரை நேராக ஒரு தெரு போகிறதாம், அது நம் அடுக்களை வழியாகத்தான் போகிறதாம், அடுத்த மாதம் வரும் மிக்கேல் சம்மனசு திருநாளுக்குள் வீட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டுமாம். பதிலுக்குச் சதுப்போரத்தில் ஒரு மனை தருவார்களாம். அந்த மனையை நான் போய்ப் பார்த்தேன், அதில் தவளைகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அம்மா, "என் புருஷன் இந்த வீட்டக் கட்டினப்ப இங்க தெருவும் இல்ல நீயும் இல்ல, நாணல்தான் இருந்துச்சு. இப்ப நான் தெருவுக்கு வந்தேனா, உன் தெரு என் அடுப்படிக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, "தெரு ராஜாவோடது அம்மணி, அது எங்கயும் வரும்" என்றார். அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. அப்பாவின் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு அந்த முளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை, அண்ணா.

அதனால் புதன்கிழமை ராத்திரி அவள் தூங்கியதும் நான் ஆற்றங்கரைக்குப் போய், அந்தத் தெருவின் முதல் முளையைப் பிடுங்கிப் பன்னிரண்டு அடி தள்ளி நட்டுவிட்டேன். கல்லால் தட்டினேன், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். பழைய குழியைச் சேற்றால் மூடினேன். அந்த முதல் முளையிலிருந்துதான் தெரு முழுக்க அளக்கிறார்கள்.

காலையில் தெருவோரக் கால்வாய் வெட்ட அந்த முளையிலிருந்து கயிறு பிடித்தார்கள். கயிறு நம் வீட்டைத் தொடவே இல்லை, வாத்துக் கொட்டிலை உரசிக்கொண்டு போய் எதிர்வீட்டு மதாம் தெசோனியேவின் புதுச் செங்கல் புகைபோக்கியில் முட்டி நின்றது. மதாம் போட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும். "ராஜா குடுத்த சீர்ப்பெட்டியோட கப்பல்ல வந்தவ நான்! என் புகைபோக்கியிலயா கை வைக்கிறே?" என்று கத்தினாள். அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசாமல் அவளுக்கு ஒரு நாளும் போகாது என்பது உனக்கே தெரியும். அம்மா வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பெட்டி குடுத்த ராஜாதான் இப்ப தெருவும் குடுக்கறார், ரெண்டு கையாலயும் வாங்கிக்கம்மா" என்றாள். பாவம் முசியே பிரிசோனே, கயிற்றைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், பிறகு வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "முளை ராஜாவோடது, அது நகராது. கோடு என்னோடது, அது தப்பாது. அப்ப நகர்ந்தது ஆறுதான்" என்றார். சிப்பாய்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் மிசிசிப்பி பன்னிரண்டு அடி நகர்ந்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு, ரொட்டிக்காரர் ஆறு நகர்ந்த சத்தத்தைத் தன் காதால் கேட்டதாகவே சொல்கிறார். ஆறு நகர்ந்தது உண்மையானால் வரைபடத்தைத் திருத்தப் பிரான்சுக்கு எழுத வேண்டும், பதில் வர ஒரு வருடம் ஆகும், அதுவரை யார் வீட்டிலும் ஒரு பலகையைக்கூடத் தொட முடியாது. அம்மா அன்றைக்கு ஒளித்து வைத்திருந்த கடைசிப் பிடி கோதுமை மாவில் அப்பம் சுட்டாள்.

நானும் சந்தோஷமாகத்தான் தின்றேன். ஆனால் ஆலோசனைச் சபைப் பெரியவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை, நாளை விடிந்ததும் அவர்களே வந்து முளையைச் சுற்றித் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள். இன்றைக்குக் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் உட்காரும்போதுதான் என் விரலுறையைக் காணோம் என்று தெரிந்தது. ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுவேனே, அப்பா என் பெயரைக் கீறிக் கொடுத்த பித்தளை உறை, அதுதான். புதன்கிழமை அது என் பாவாடைப் பையில் இருந்தது. அந்தக் குழியில்தான் விழுந்திருக்க வேண்டும், வேறெங்கே போகும்? "பெரின், விரலுறை எங்கே?" என்று மதர் கேட்டதும் வாத்து முழுங்கிவிட்டது என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மதர், அப்படியானால் வருகிற வெள்ளிக்கிழமைவரை அந்த வாத்தின் பின்னாலேயே போ, கிடைத்ததும் நன்றாகக் கழுவிக் கொண்டு வா என்றார். வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் சேறு காய்ந்திருந்த என் பாவாடை ஓரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "எந்த வாத்து?" என்று மட்டும் கேட்டாள்.

ராஜாவின் முளையைத் தொட்டவர்களைச் சதுக்கத்தில் முதுகு கூராகச் செதுக்கிய மரக்குதிரைமேல் தண்டனையாக உட்கார வைப்பார்கள் என்கிறார்கள். அதுகூடப் போகட்டும். என் பெயர் கிடைத்துவிட்டால் மிக்கேல் திருநாள்வரை பொறுக்கமாட்டார்கள், நாளைக்கே அப்பாவின் வீட்டைப் பிரித்துவிடுவார்கள், என்னால்தான் என்று அம்மாவுக்கும் தெரிந்துவிடும். பொழுது சாய்ந்ததும் விரலுறையைத் தேடப் போனேன், கரையில் காவலுக்கு ஒரு சிப்பாய் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தான், திரும்பி ஓடி வந்துவிட்டேன். கொஞ்சம் முன்னால் இறங்கிப்போய் முன்கதவு பின்கதவு இரண்டையும் தாழ் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ இங்கே இருந்திருந்தால் என்ன செய்

கதவைத் தட்டுகிறார்கள். பின்கதவு. விடிய இன்னும் நேரம் இருக்கிறதே.

அண்ணா, பரண் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன், திரைக்கு மேலாகத் தெரியும் கட்டிலில் அம்மா இல்லை, அவள் மரச்செருப்பும் இல்லை, நான் தாழ் போடுவதற்கு முன்பே வெளியே போயிருக்கிறாள். வெளியே குசுகுசுவென்று குரல் கேட்கிறது, "தாழ்ப்பாளைத் திறடி கழுதை, கையெல்லாம் சேறு. காவலுக்கு நின்னவன் தூங்கிட்டான், உன் வாத்து முழுங்கினது கிடைச்சுட்டுது. குழிய இப்படியா மூடுவாங்க? இனிமே முளை பிடுங்கறதுன்னா என்னையும் எழுப்பு