கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு டிக்

காருக்குள் ஆரஞ்சுத் தோல் வாசம் நிறைந்திருக்கிறது. காலையில் வரும் வழியில் ஜெனி உரித்தாள். சுளைகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, தோலைக் கதவின் பையில் செருகிவிட்டுப் பரீட்சை ஹாலுக்குள் போய்விட்டாள். தோழி, நீயும் இப்படித்தான் செய்வாய். இதே கார், இதே பார்க்கிங் லாட், இதே கதவின் பை. ஃபிரிஸ்கோ வெயில் கண்ணாடியைச் சுடுகிறது. எனக்கோ கை சில்லிட்டுக் கிடக்கிறது.

என் மகள் இன்று எழுதுவது ஆர்க்கிடெக்ட் லைசன்ஸ் பரீட்சையின் கடைசிப் பகுதி. ஆறில் ஐந்து முடித்துவிட்டாள். இந்த ஆறாவதை ஒரு தடவை எழுதித் தவறவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றும் தவறினால் இதோடு விட்டுவிடுவேன் என்று நேற்றுச் சொன்னாள். நீ எழுதாமல் போன பகுதியும் இதுதான். அதனால் எனக்குப் பயம் இரண்டு மடங்கு. ஜெபமாலையை எடுத்தேன். இரண்டாம் பத்து மணியிலேயே மனம் எங்கோ போய்விட்டது. பயம் வந்தால் என் ஜெபம் பாதியில் நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும்.

உன்னை முதலில் பார்த்தது சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்காக ஹாலில் நாற்காலி அடுக்கியிருந்தோம். யாரோ ஒருத்தி வந்து, பக்கத்துக் கதவை மறைத்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அது எங்க இடம்" என்று நான் போய் நின்றேன். நீ நிமிரவே இல்லை. "தீப்பிடிச்சா இத்தன பேரும் எந்த வழியா ஓடுவீங்க? அந்த ஒரு கதவுலயா?" என்றாய். அன்று நாடகம் முழுக்க நான் மேடையைப் பார்க்கவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் நீ வீடும் பள்ளிக்கூடமும் கட்டியவள். இங்கே ஓர் ஆபீஸில் வரைந்துகொடுக்கிற வேலை. "நான் வரையறேன், முத்திர இன்னொருத்தர் குத்தறார்" என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும். அந்த முத்திரையை நீயே குத்துகிற உரிமைக்காகத்தான் பரீட்சை. நம் இரண்டு பேர் வீட்டிலும் ஆளில்லாத நேரத்தில் என் சமையல்கட்டுக்கு வருவாய். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே உன் கேள்வி அட்டைகளைப் படிப்பேன். ஆங்கிலம் நானாக, டிவி பார்த்தும் கடைப் பலகைகளைப் படித்தும் கற்றுக்கொண்டது. நான் வாசிக்கிற விதத்தில் கேள்வியே மாறிவிடும் என்று கிண்டல் செய்வாய். சக்கர நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு கேள்வி. நீ எழுந்து, என் டைனிங் டேபிளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாய். "இவ்ளோ. உங்க வீட்டுல முடியாது. வயசான காலத்துல நீ ஹால்லயே சமைக்க வேண்டியதுதான்டி."

பரீட்சை நாளில் உனக்குக் கை நடுங்கும். அதனால் நான்தான் கார் ஓட்டுவேன். எனக்கு ஃப்ரீவே என்றால் உயிர் போகும், சர்வீஸ் ரோட்டிலேயே ஊர்ந்து வருவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பாய். நான் உதட்டை அசைத்தபடி அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு வருவேன்.

"எதுக்கு இந்த ஜெபம்? பரீட்சைக்கா, டிரைவிங்குக்கா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப மாதா கிட்ட மாடிப்படி உயரமும் கேட்டு வச்சுக்கோ. எனக்கு அதுதான் மறந்துபோகுது."

நான்கு பகுதிகளில் அப்படித் தேறினாய். ஐந்தாவது அன்று வெளியே வந்தபோது உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு நீ சொன்னாய்: "பிரேக் எடுத்தேன். திரும்பி வந்தா பழைய கேள்வியெல்லாம் பூட்டிக்கிச்சு."

எனக்குப் புரியவில்லை. நீ விளக்கினாய். பிரேக்குக்கு எழுந்தால், அதுவரை பார்த்த கேள்விகளுக்குத் திரும்பப் போக முடியாது. அது விதி. உனக்கும் தெரிந்த விதிதான். முந்தைய பகுதிகளில் நீ பிரேக்கே எடுத்ததில்லை. அன்று தலைவலி தாங்காமல் எழுந்தாய். அதுவரை கடினமான கேள்விகளையெல்லாம் அடையாளம் வைத்து, வெறுமையாக விட்டு வந்திருந்தாய். தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததைக் கடைசியில் பார்த்துக்கொள். பள்ளிக்கூடத்தில் நம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது அதுதானே. பத்தாம் வகுப்பில் உன்னைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே உன்னைக் கவிழ்த்துவிட்டது.

அன்று என் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் வழக்கம்போல அன்றைய வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தாய்.

"இது என்ன, 'ஏதோ'ன்னு எழுதியிருக்க?"

"எதுக்குச் செலவாச்சுன்னு ஞாபகம் வரல. வெறுமையா விட்டா எனக்குத் தூக்கம் வராது. ஏதாவது போட்டுட்டுதான் மூடுவேன்."

நீ அந்த வார்த்தையை விரலால் தொட்டாய். "தப்பான பதிலுக்கு இங்க மார்க் குறைக்க மாட்டாங்க" என்றாய், உனக்கே சொல்லிக்கொள்வது போல. "இனிமே எழுந்திருக்கறதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் ஏதாவது போட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன்."

அடுத்த தடவை நான் காரிலேயே உட்கார முடியாமல் நுழைவாயில் கண்ணாடிக் கதவுவரை போய் நின்றேன். பிரேக்கில் நீ லாக்கர் பக்கம் வந்தாய். பரீட்சை நடுவில் யாரோடும் பேசக் கூடாது என்று கண்டிப்பாக இருப்பவள் நீ. ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் காற்றில் பெரிதாக ஒரு டிக் போட்டாய். எல்லாவற்றிலும் ஏதாவது போட்டாயிற்று என்று. அந்தப் பகுதியிலும் தேறினாய்.

அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தேதியும் வாங்கிவிட்டாய். அப்போதுதான் அந்த வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள், பிறகு டாக்டர்கள் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ என்னைக் கூப்பிட்டாய். பரீட்சைத் தேதியை ரத்து செய்யச் சொன்னாய். உன் புத்தகங்களை ஜெனியிடம் கொடுக்கச் சொன்னாய். அவள் அப்போது கல்லூரியில் கட்டடக்கலைதான் படித்துக்கொண்டிருந்தாள், உன்னைப் பார்த்துச் சேர்ந்த படிப்பு. உன் வீட்டுக்காரருக்கு ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கச் சொன்னாய். "எல்லாம் எதுக்கு இப்ப? வந்து நீயே பாத்துக்கலாம்ல" என்றேன்.

மறுநாள் உன்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரட்டைக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே போகும்போது நீ தலையைத் திருப்பி என்னைத் தேடினாய். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கிக் காற்றில் ஒரு டிக் போட்டாய். நான் திரும்ப எதுவும் செய்யவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கையைத் தூக்கினால் அது விடைகொடுத்ததாக ஆகிவிடுமோ என்ற பயம். கதவு மூடியது. அதற்குப் பிறகு உன் கண் திறந்து நான் பார்க்கவில்லை.

இன்றைய பயம் என்ன தெரியுமா? தெரிந்ததை முதலில் எழுது என்று ஜெனிக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். அந்தப் பழக்கம் அவள் இரத்தத்தில் இருக்கிறது. போன தடவை எப்படித் தவறினாள் என்று கேட்டதற்கு அவள் சொல்லவே இல்லை. காலையில் சிக்னலில் நின்றபோது மெல்ல ஆரம்பித்தேன்.

"பிரேக் எடுக்கறதுக்கு முன்னாடி..."

"அம்மா, ப்ளீஸ். நாட் நவ்."

"இல்லடா, ஒரே ஒரு விஷயம்..."

"யூ ஆர் மேக்கிங் மீ நர்வஸ்."

பச்சை விழுந்தது, காரைக் கிளப்பினேன். இறங்கும்போது அவள் நெற்றியில் சிலுவை வரையக்கூட விடவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

இதுவரை காரிலிருந்து எழுதினேன். நடுவில் எழுந்து போய்விட்டு வந்தேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படாமல் ஒரு தூணோரம் நின்றேன். ஒரு பையன் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். பிறகு ஜெனி வந்தாள். லாக்கரைத் திறந்து டப்பாவை எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு சுளையைத் தின்றாள். அவள் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை. திரும்பிப் போகிற நேரத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். கோபப்படுவாள் என்று பின்வாங்கினேன்.

அவள் கோபப்படவில்லை. விரலைத் தூக்கிக் காற்றில் ஒரு டிக் போட்டாள்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அழுதேனே தவிர இதையெல்லாம் சொல்லவில்லை. நீதான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும், அவளும் வீட்டில் இருந்த ஒரு நாள், என் சமையல்கட்டில் நான் பீன்ஸ் கழுவத் திரும்பிய நேரத்தில்.

முடிவு இன்னும் தெரியாது. அவள் வெளியே வர நேரமிருக்கிறது, என் கையும் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவில்லை. கையை நன்றாகத் தூக்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு டிக் போட்டேன். அவளுக்குப் போட்டதுதான். அன்று உனக்குப் போடாததும் அதுதான்.

இப்போது காரில் வந்து உட்கார்ந்து, ஜெபமாலையில் பாதியில் விட்ட மணியிலேயே விரலை வைத்திருக்கிறேன்.