டாக்டர் முன்னால் ஆட்டிய தலை

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அறையில் இருந்தது நாலு பேர்: டாக்டர், நர்ஸம்மா, உன் அண்ணன், நான். வேறு யாருமில்லை.

அண்ணனுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடி மாத்திரை கொடுத்தது உனக்குத் தெரியும். துடிப்பு இப்போது ஒழுங்காகிவிட்டது. ஆனால் மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாம் நாளிலிருந்து தூக்கம் கெட்டது. கனவில் யாரோ துரத்துகிறார்களாம். கத்துகிறார், சுவரை உதைக்கிறார். பகலெல்லாம் மந்தம். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வழி கேட்டு வந்தார். எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

டாக்டர் தூக்கம் எப்படி என்று கேட்டார். அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறேன் என்று இவர் சிரித்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நோட்டு என் பையில்தான் இருந்தது. வெளியாள் முன்னால் புருஷன் பேச்சை மறுத்துப் பழக்கமில்லையே, தலையை ஆட்டிவிட்டேன். மருந்து ஒத்துக்கொண்டது என்று டாக்டர் அளவைக் கூட்டிவிட்டார். அன்றிலிருந்து சாமி முன்னால் உட்கார்ந்தால் எனக்கென்று எதுவும் வேண்டிக்கொள்ள வாய் வருவதில்லை, பொய்க்குத் தலையாட்டியவள்தானே.

இன்று காலை தண்ணீர் கொடுத்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, நீங்க எந்த வீட்டம்மா, நிற்காதீங்க, உட்காருங்க என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை! சிரிப்புதான் வந்தது, முதலில். அரைமணியில் தெளிந்துவிட்டார். நடந்ததை நான் சொல்லவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை.

மாத்திரையை நானே நிறுத்திவிடலாமா என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து, அந்தத் தப்பைச் செய்யாதீங்க என்றார். சில மாத்திரை சிலருக்குத் தூக்கத்தையும் புத்தியையும் கலக்குமாம். உடனே டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுக்கலாமாம்.

அண்ணன் ஏன் மறைக்கிறார் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் அப்பா கடைசிக் காலத்தில் தான் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டாரே, அந்தப் பயம். நாளைக் காலை நான் மட்டும் போய் நோட்டை டாக்டரிடம் கொடுக்கப்போகிறேன். இவருக்குத் தெரிந்தால் என்னோடு பேசமாட்டார். அப்பா மாதிரி ஆகிவிட்டாய் என்று யாரும் சொல்லவில்லை, அண்ணி உனக்காகத்தான் செய்தாள் என்று நீ அவருக்கு எழுது. உன் பேச்சைத் தட்டமாட்டார். போன் வேண்டாம், அதன் பக்கத்திலேயேதான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

கடவுள் உங்களை நன்றாக வைக்கட்டும். எனக்கும் தனியாக இரண்டு வரி எழுது. சீக்கிரம் பதில் போடு.

அண்ணி