ரொபர்ட் மச்சானின் நேர்த்தியும் இரண்டு சிரட்டைப் பாலும்

மார்ச் 11, 2025
தெஹியோவிட்ட வட்டாரத்தின் மகா வைத்தியர் ரொபர்ட் மச்சான் இன்று திறமையைக் காட்டினார். பால் வெட்டப் போன என் தங்கை மெரினா, "மண்டை வெடிச்சிருச்சு" என்று அலறி ரப்பர் மரத்தடியில் விழுந்தாள். வாந்தி வேறு. அவள் புருஷனான இந்த மச்சானோ நெற்றியில் தைலம் தேய்த்து, "வெயிலுதான்" என்று தீர்ப்பு வழங்கினார். காலை ஏழு மணிக்கு என்ன வெயில்? மடையன். நான் போட்ட சத்தத்தில் லொறி தானாக வந்து நின்றது. அவிசாவளை ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்பு.

மார்ச் 12
மூளை ரத்தக்குழாய் பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்து வெடித்ததாம். தொடை வழியாகக் கம்பி விட்டு, புடைப்பைச் சுருளால் அடைத்து, குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற வலையை வைப்பார்களாம். கூரை ஒழுகினால் கக்கூஸ் குழாய் வழியாக ஏறுகிற மேசன்மார்!
"தலையைத் திறக்கத் தெரியாதாங்க டொக்டர்?"
"திறக்காமலே போகலாம் ஐயா. எல்லாம் ஒரே ரோடுதான்."
மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை அவருக்கு. மச்சான் வராந்தாவில் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தார்: "இவ பொழைச்சா, பெரிய வெள்ளிக்கு வீட்டுல ஒருத்தரும் பச்சத் தண்ணி தொட மாட்டோம்."

மார்ச் 13
கம்பி போய் வந்துவிட்டது. அவள் கண் திறக்கவில்லை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15
திறந்தாள். முதல் வார்த்தை: "அண்ணே, வாயை மூடு." மீசையில்லாத டொக்டருக்கு ஒரு கும்பிடு போட்டேன் — ஒற்றைக் கையால்.

ஏப்ரல் 17
மெரினா வீட்டுக்கு வந்து ஒரு வாரம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நாளை பெரிய வெள்ளி. நம் மகான் மாத்திரையைப் பெட்டியில் பூட்டிவிட்டார்!
"நேர்த்தின்னா நேர்த்திதான் மச்சான். ஒரு நாள்ல என்னா ஆகிரும்?"
அவளும் தலையாட்டுகிறாள். ஐயோ, இதுக்கா அந்தக் கம்பி அவ்வளவு தூரம் போச்சு?
இன்றைய ரப்பர் பாலை இரண்டு சிரட்டையில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உறையாமலிருக்க அமோனியா விட்டு அவர் வாசலில் வைத்தேன். சாயந்தரம் அமோனியா விட்டது தண்ணீராக ஆடியது. மற்றது கட்டி, கவிழ்த்தும் விழவில்லை.
"மாத்திரை இல்லாட்டி இதுதான் மச்சான், அவ தலைக்குள்ள."
கட்டியை விரலால் குத்திப் பார்த்தார். சாவியும் தரவில்லை.

ஏப்ரல் 18
சிலுவைப்பாதைக்குப் போகுமுன் எட்டிப் பார்த்தேன். மச்சான் மாத்திரையைக் கொடுத்து, தம்ளரை அவள் வாயருகே பிடித்திருந்தார். "முழுங்கு புள்ள. ஒன் பங்குக்கு நாளைக்கும் நானே பட்டினி கெடக்கிறேன்."

செப்டம்பர் 2
கிளினிக்கில் படம் பிடித்தார்கள். வலை ஒழுங்காக இருக்கிறதாம், மாத்திரை தொடரும். விடிந்தால் லயத்து வீட்டு வரிசையே அதிர மச்சானின் குரல்: "மெரினா, அமோனியா போட்டாச்சா?" சிரட்டை யோசனை தன்னுடையது என்று தோட்டமெல்லாம் சொல்லித் திரிகிறார். திருடன்.
ஆனால் அவள் மாத்திரையை ஒரு நாளும் மறந்ததில்லை.